உறைந்த ஆறும் உருகிய மையும்

ஹிஜ்ரி 309-ஆம் ஆண்டின் ரமளான் மாதம் கி.பி. 922 ஜனவரியில் வந்தது. பக்தாதிலிருந்து புறப்பட்ட ஒரு தூதுக்குழு, அந்த நோன்பு நாட்களைக் குவாரஸ்ம் நாட்டின் ஜுர்ஜானிய்யா நகரில் அடைபட்டுக் கழித்தது. அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிர் அக்குழுவை அனுப்பியது அந்நகருக்கன்று; அதற்கும் அப்பால், வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் இனத்தாரிடம். மார்க்கம் கற்பிக்க ஆசிரியரும், பள்ளிவாசலும் கோட்டையும் எழுப்பப் பொருளும் வேண்டி அவ்வினத்தாரின் மன்னர் கலீஃபாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 921 ஜூனில் பக்தாதை விட்ட குழுவினருக்குக் குளிர்காலம் வந்து வழியை மூடிவிட்டது. ரஜபில் தொடங்கி ஷவ்வால் முடியும் வரை அவர்கள் ஜுர்ஜானிய்யாவை விட்டு நகர இயலவில்லை. அக்குழுவில் இருந்த அஹ்மது இப்னு ஃபள்லான் என்பவர் தாம் கண்டதையும் பட்டதையும் ஒரு சிறு நூலாக எழுதி வைத்தார். ‘ரிஸாலா’ என்று அறிஞர்கள் அழைப்பது அந்நூலைத்தான்.

நம் மாணவர்கள் படிக்கும் வரலாற்று நூல்களில் அரசர்கள் பட்டமேறுகிறார்கள், படைகள் புறப்படுகின்றன, கோட்டைகள் வீழ்கின்றன. ஆனால் கடுங்குளிர் காலத்தில் ஓர் எளிய குடும்பம் எதை எரித்துக் குளிர் காய்ந்தது, தண்ணீரை எங்கிருந்து கொண்டு வந்தது, வாசலுக்கு வந்த ஏழையை எப்படி நடத்தியது என்று கேட்டால் அந்நூல்களில் விடை கிடைப்பதில்லை. அறபு மொழியின் பயண நூல்களும் ஊர் அகராதிகளும் அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்து வைக்கின்றன. குவாரஸ்ம் நாட்டுக் குளிரைப் பற்றி வெவ்வேறு காலத்தவர் விட்டுச் சென்ற சான்றுகளை ஈண்டு ஒன்றுசேர்த்துக் காண விழைகிறோம். அவற்றில் அன்றாட வாழ்வின் சித்திரம் ஒன்று கிடைக்கிறது. ஒரு சாட்சியை எவ்வாறு எடைபோட வேண்டும் என்னும் பாடமும் அதனோடு சேர்ந்து கிடைக்கிறது.

நாடும் அதன் குளிரும்

ஜைஹூன் என்று அறபியர் அழைத்த ஆமூ தர்யா ஆறு, பாமீர் மலைகளில் பிறந்து பாலைகளுக்கிடையே ஓடி ஆரல் கடலை நோக்கிச் சென்றது. அதன் கீழ்ப்பகுதியில் அமைந்த பசுமை நிலமே குவாரஸ்ம். ஜுர்ஜானிய்யா இன்று துர்க்மெனிஸ்தானில் பழைய உர்கெஞ்சு எனப்படும் இடம். கணித மேதை அல்குவாரஸ்மியின் பெயரில் இருப்பது இந்நாடே. 973-இல் அல்பீரூனீ பிறந்ததும், திருக்குர்ஆன் விரிவுரையான ‘கஷ்ஷாஃப்’ தந்த ஸமக்ஷரீ 1075-இல் பிறந்ததும் இம்மண்ணிலேதான்.

கடலின் இதம் எட்டாத உள்நாடு அது. வடக்கே மலைத் தடுப்பின்றிப் புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. அங்கிருந்து வரும் காற்றை மறிக்க எதுவும் இல்லை. பனி பெய்யும்போதெல்லாம் உடன் சூறைக்காற்றும் வந்தது என்கிறார் இப்னு ஃபள்லான். பக்தாதின் வெயிலில் வளர்ந்தவருக்கு அது குளிர்நரகமாகிய ஸம்ஹரீரின் வாயில் ஒன்று திறந்து விடப்பட்டது போலத் தோன்றிற்று. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக் கொண்டு சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் நாம், அவர் நிலையை ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம்.

வீடும் விறகும்

அவர் தங்கியது வீட்டுக்குள் வீடாக அமைந்த ஓர் அறையில். அந்த அறைக்குள்ளும் துருக்கியர் பயன்படுத்தும் கம்பளிக் கூடாரம் ஒன்றை நிறுத்தி, அதனுள்ளே போர்வைகளையும் மயிர்த்தோல் ஆடைகளையும் சுற்றிக் கொண்டு படுத்தார். அப்படியும் சில வேளைகளில் கன்னம் தலையணையோடு ஒட்டிக் கொண்டது. ஹம்மாமில் வெந்நீரில் குளித்துவிட்டு வீடு திரும்பினால் தாடி ஒரே பனிக்கட்டியாக உறைந்திருக்கும். நெருப்பருகில் காட்டித்தான் அதை இளக்க வேண்டும். கடைத்தெருவையும் வீதிகளையும் சுற்றி வந்தால் எதிரே ஒரு மனிதரையும் காண முடியாது. நிலம் பெரும் பிளவுகளாக வெடித்தது. முதிர்ந்த மரங்கள் குளிரின் கடுமையால் இரண்டாகப் பிளந்தன.

அங்கே விறகுதான் உயிர். அதை இறைவன் அம்மக்களுக்கு மலிவாக்கிக் கொடுத்தான் என்று நன்றியோடு எழுதுகிறார். ‘தாக்’ என்னும் மரத்தின் விறகு ஒரு வண்டிப் பாரம், ஏறத்தாழ மூவாயிரம் ராத்தல், இரண்டு திர்ஹத்துக்குக் கிடைத்ததாம். நம் பாட்டன்மார் கடைகளில் வழங்கிய ‘ராத்தல்’ என்ற சொல் இந்த அறபுச் சொல்லின் வழி வந்ததே என்பது அறிந்து இன்புறத்தக்கது.

அந்நாட்டார் ஒருவருக்கொருவர் மரியாதை செய்யும் முறையும் நெருப்பைச் சுற்றியே அமைந்திருந்தது. ஒருவர் தம் நண்பரைச் சிறப்பிக்க விரும்பினால், ‘என் வீட்டில் நல்ல நெருப்பு இருக்கிறது, பேசியிருக்கலாம் வாருங்கள்’ என்ற பொருள்பட அழைப்பார். நம் பக்கத்தில் விருந்துக்கு அழைப்பதற்கு நிகரானது அது.

இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது இரவலரைப் பற்றிய குறிப்பு. அங்கே இரப்பவர் வாசலில் நின்று குரல் கொடுப்பதில்லை. நேரே வீட்டுக்குள் வந்து, அடுப்பருகில் அமர்ந்து, சிறிது நேரம் குளிர் காய்வார். உடல் சூடேறிய பிறகே ரொட்டியைக் குறிக்கும் ஒரு சொல்லை மட்டும் சொல்வார். கொடுத்தால் வாங்கிக் கொள்வார். கொடுக்காவிட்டால் எழுந்து போய்விடுவார். உணவு தருவதும் தராததும் வீட்டாரின் விருப்பம். நெருப்பின் இதத்தை மட்டும் யாரும் மறுப்பதில்லை. குளிரில் வாசலில் நிற்க வைப்பது ஒருவனைச் சாக விடுவதற்கு ஒப்பாகும் என்பதை அச்சமுதாயம் உணர்ந்திருந்தது போலும். சட்டமோ அரச ஆணையோ இன்றி, வழக்கமாகவே நிலைபெற்ற அறம் அது.

நெருப்பின்றிப் போனவர் கதியையும் இப்னு ஃபள்லான் கேள்விப்பட்டு எழுதுகிறார். இருவர் பன்னிரண்டு ஒட்டகங்களை ஓட்டிக் கொண்டு காட்டுக்கு விறகு கொண்டுவரச் சென்றனர். சக்கிமுக்கியையும் தீப்பொறியைப் பிடித்துக் கொள்ளும் பஞ்சையும் எடுத்துச் செல்ல மறந்து விட்டனர். அன்றிரவு நெருப்பில்லாமல் தங்கினர். பொழுது விடிந்தபோது அவ்விருவரும் பன்னிரண்டு ஒட்டகங்களும் மாண்டு கிடந்தன. விறகுக் காட்டின் நடுவே பொறியின்றி இறந்தவர்கள் அவர்கள்.

புறப்பாட்டுக்கான சிறு பணிகள்

ஷவ்வால் மாதத்தின் நடுவில், அதாவது 922 பிப்ரவரியில், குளிர் சற்றே தணிந்து ஆறு இளகத் தொடங்கிற்று. குழுவினர் பயண ஏற்பாடுகளில் இறங்கினர். துருக்கிய ஒட்டகங்களை வாங்கினர். வழியில் குறுக்கிடும் ஆறுகளைக் கடக்க ஒட்டகத் தோலில் ஓடங்கள் செய்வித்தனர். மடக்கி எடுத்துச் செல்லத்தக்கவை அவை. விரித்தால் வட்டமாக நம் காவிரிப் பரிசலைப் போல அமைந்து, நீரில் சுழன்று சுழன்று செல்லும். மூன்று மாதத்துக்கு வேண்டிய ரொட்டியும், தினை வகைத் தானியமும், உப்புக்கண்டமும் சேர்த்துக் கட்டினர்.

உள்ளூர் நண்பர்கள் உடையை எவ்வளவு கூட்டினாலும் தகும் என்று எச்சரித்தனர். ஆகவே ஒவ்வொருவரும் சட்டை, அதன்மேல் நீளங்கி, அதன்மேல் ஆட்டுத்தோல் அங்கி, அதன்மேல் கெட்டிக் கம்பளி மேலாடை, கண்கள் மட்டும் தெரியும் தலைமூடி, இரட்டைக் காற்சட்டை, காலுறை, தோல் காலணி, அதன்மேல் மற்றொரு காலணி என்று அணிந்தனர். ஒட்டகத்தில் ஏறியமர்ந்தபின் உடைப் பாரத்தால் அசையக்கூட முடியவில்லையாம்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னரும், பக்தாதிலிருந்து வந்த மார்க்கச் சட்ட அறிஞரும் ஆசிரியரும் பணியாளர் சிலரும் மேலே செல்ல அஞ்சிப் பின்தங்கி விட்டனர். பல்கார் மன்னர் கேட்டது ஆசிரியரை, நின்றுவிட்டவரும் ஆசிரியரே. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இவ்விடத்தைப் படிக்கும்போது சிறிது நாணமாகத்தான் இருக்கிறது. இப்னு ஃபள்லான் திரும்பவில்லை. மார்ச் 4-ஆம் நாள் புறப்பட்டு, மே 12-இல் பல்கார் மன்னரை அடைந்தார்.

மைக்கூட்டை இளக்கியவர்

முந்நூறு ஆண்டுகள் உருண்டோடின. ஹிஜ்ரி 616-இல், கி.பி. 1219-இல், அதே ஜுர்ஜானிய்யாவுக்கு மற்றோர் அறிஞர் வந்தார். அவர் யாகூத் அல்ஹமவீ. ரோம நாட்டில் பிறந்து, சிறு வயதில் அடிமையாகப் பிடிபட்டு, பக்தாதில் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டவர். தம் கணக்குகளை எழுத ஆள் தேவைப்பட்டதால் அவ்வணிகர் அவருக்குக் கல்வி கற்பித்தார். பின்னர் விடுதலை பெற்ற யாகூத், நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தார். ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் தொகுத்து, ஒவ்வோர் ஊரைப் பற்றியும் மெய்யான செய்திகளை எழுத வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக் கொண்ட பணி. அதற்காக மர்வு நகரின் நூலகங்களில் நெடுநாள் தங்கிக் குறிப்பெடுத்தார். ஈட்டுப்பொருள் ஏதும் கேளாமல் இருநூறு நூல்கள் வரை அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பிய பெருந்தன்மையை அவர் நன்றியோடு பதிந்திருக்கிறார்.

குவாரஸ்ம் குளிரில் அவருக்கு வந்த இடையூறு எழுத்தாளருக்கே உரியது. எழுத உட்கார்ந்தால் மைக்கூட்டில் மை உறைந்து கிடக்கும். அதை நெருப்பருகில் கொண்டுபோய் உருக்கினால்தான் எழுத முடியும். தண்ணீர் குடிக்கப் பாத்திரத்தை உதட்டில் வைத்தால் அது உதட்டோடு ஒட்டிக் கொள்ளும். மூச்சின் சூடு அந்த உறைவுக்கு ஈடு கொடுக்கவில்லை.

ஊரார் தண்ணீர் எடுத்த முறையையும் அவர் கவனித்து எழுதினார். ஆற்றின் மேற்பரப்பு கல்லாய் இறுகியிருக்க, கீழே நீர் ஓடிக் கொண்டிருக்கும். கடப்பாறை போன்ற கருவிகளால் பனிக்கட்டியைக் குடைந்து கிணறு போலாக்கி, அதிலிருந்து குடிநீரை மொண்டு குடங்களில் சுமந்து செல்வர். வீடு போய்ச் சேர்வதற்குள் குடத்தின் ஓரங்களில் பெரும்பகுதி உறைந்துவிடும். ஆறு முற்றிலும் இறுகியபின் வணிகக் கூட்டங்களும் மாட்டு வண்டிகளும் அதன்மேல் செல்லும். நிலத்துக்கும் ஆற்றுக்கும் வேறுபாடு தெரியாது. பாலைவெளியில் போலவே அந்த ஆற்றின்மேல் புழுதி பறந்ததைத் தம் கண்ணால் கண்டதாக யாகூத் கூறுகிறார்.

ஒரு சாட்சியை எடைபோடும் முறை

யாகூத் தம் நூலில் குவாரஸ்மைப் பற்றி எழுதும்போது இப்னு ஃபள்லானின் சொற்களை எடுத்து வைத்துக் கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். ஆற்றுப் பனியின் கனம் பதினேழு சாண் என்றார் இப்னு ஃபள்லான். அது பொய் என்று யாகூத் தயக்கமின்றி மறுக்கிறார். மிக மிஞ்சினால் ஐந்து சாண், அதுவும் அரிது. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சாண்தான் என்கிறார். தாம் கண்டதையும் ஊராரிடம் கேட்டறிந்ததையும் ஆதாரமாகக் காட்டுகிறார். விறகு வண்டியில் மூவாயிரம் ராத்தல் என்பதையும் அவர் ஏற்கவில்லை. தம் பொருட்களை அவ்வூர் வண்டியில் ஏற்றிச் சென்றவர் அவர். ஒற்றை விலங்கு இழுக்கும் அவ்வண்டி ஆயிரம் ராத்தலுக்கு மேல் தாங்காது என்பது அவரது அனுபவம்.

இந்த இரண்டிலும் பிழை கண்டவர், அதைக் கொண்டு எஞ்சியதையும் தள்ளிவிடவில்லை. விறகின் மலிவைப் பற்றிச் சொல்லும்போது, இப்னு ஃபள்லானின் காலத்தில் அப்படி இருந்திருக்கலாம், தம் காலத்தில் விலை கூடிவிட்டது என்று இடம் விட்டுப் பேசுகிறார். இரவலர் வீட்டுக்குள் வந்து குளிர் காயும் வழக்கத்தை மெய் என்று உறுதி செய்கிறார். ஆயினும் அது நகரத்தில் இல்லை, நாட்டுப்புறங்களில் உண்டு, தாமே கண்டோம் என்று வரையறுத்துச் சொல்கிறார்.

ஹதீஸ் கலையைப் பயின்றோர் இம்முறையை உடனே இனம் காண்பர். அறிவிப்பாளரிடம் குறை காண்பதற்கும் நிறை காண்பதற்கும் அக்கலையில் தனித்தனி விதிகள் உண்டு. ஒருவர் நல்லவர் என்பதற்காக அவர் சொன்ன எண்ணெல்லாம் சரியாகிவிடாது. ஓர் எண்ணில் தவறினார் என்பதற்காக அவர் கண்ணால் கண்ட செய்தி பொய்யாகிவிடாது. பதினேழு சாண் என்பது குளிரில் நடுங்கியவரின் மிகைக் கணக்காக இருக்கலாம். ஆனால் தாடி உறைந்ததையும் கன்னம் ஒட்டியதையும் சொன்னவர் பட்டதைச் சொன்னவர். இன்று நம்மிடையே ஒரு நூலில் ஒரு பிழை கண்டால் நூல் முழுவதையும் வீசியெறிவோரும் உளர். விருப்பமானவர் எழுதினார் என்பதால் பிழையையும் சேர்த்துத் தலையில் தாங்குவோரும் உளர். யாகூத் இவ்விரு சாராருக்கும் நடுவே நிற்கிறார்.

ஸமக்ஷரீயின் சான்றிதழ்

அந்நாட்டுக் குளிர் வெறும் விந்தைச் செய்தியன்று என்பதை மற்றோர் அறிஞரின் வாழ்க்கை காட்டுகிறது. நம் மத்ரஸாக்களில் பெயர் கேட்டவுடன் மரியாதையோடு நினைக்கப்படும் இலக்கண மேதை ஸமக்ஷரீக்கு ஒரு கால் இல்லை. அதற்கான காரணத்தைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகளை இப்னு கல்லிகான் தம் வாழ்க்கை வரலாற்று அகராதியில் தருகிறார். குவாரஸ்ம் நாட்டில் பயணம் செய்தபோது கடும்பனியும் குளிரும் தாக்கி அந்தக் கால் விழுந்துவிட்டது என்பது அவற்றுள் ஒன்று.

திருட்டுக் குற்றத்துக்காக உறுப்பு வெட்டப்பட்டதென்று வெளியூரார் தவறாக எண்ணிவிடக் கூடாதே என்பதற்காக, உண்மையறிந்த பலர் சாட்சியம் எழுதிய சான்றிதழ் ஒன்றை அவர் கையிலே வைத்திருந்தாராம். அந்நாடுகளில் குளிரால் கைகால் இழப்போர் பலர்; அதைக் காணாத ஊராருக்கு அது நம்ப முடியாததாக இருக்கும் என்றும் இப்னு கல்லிகான் விளக்குகிறார். குளிரறியா நாட்டார் நம்ப மறுப்பார்கள் என்பதற்காக ஒரு பேரறிஞர் தம் நேர்மைக்குக் கடிதம் சுமக்க நேர்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. கட்டை காலோடும் அவர் மக்கா சென்று தங்கி, ‘ஜாருல்லாஹ்’ (இறைவனின் அண்டை வீட்டார்) என்று பெயர் பெற்றார். 1144-இல் ஜுர்ஜானிய்யாவிலேயே காலமானார்.

நம் நாட்டை மிதித்த பயணி

பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா இப்பகுதிகளைக் கடந்தார். வோல்காப் பக்கத்துக் குளிரில் மூன்று மயிர்த்தோல் அங்கிகள் அணிந்து, குதிரையில் தாமாக ஏற இயலாமல் தோழர்கள் தூக்கி ஏற்றிவிட்ட செய்தியை அவரே சொல்கிறார். நெருப்பருகில் வெந்நீரில் ஒளுச் செய்தாலும் விழும் துளி அப்போதே உறையும். முகம் கழுவிய நீர் தாடியில் பனிக்கட்டியாகும். ஆயினும் அவர் ஒளுவை விடவில்லை. கடுங்குளிரில் நீர் கேடு தருமெனில் தயம்முமுக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஹிஜ்ரி 8-இல் தாதுஸ் ஸலாஸில் படைப்பயணத்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவ்வாறு செய்து தொழவைத்ததை நபிகள் நாயகம் (ஸல்) கேட்டுப் புன்னகைத்த வரலாறு நாமறிந்ததே.

ஜைஹூன் ஐந்து மாதம் உறைந்திருக்கும் என்றும், இளகும் பருவத்தில் அதன்மேல் நடந்து மாண்டவர்களும் உண்டு என்றும் அவர் எழுதினார். இப்னு ஃபள்லானுக்கு மூன்று மாதம், யாகூத்துக்கு இரண்டு, இவருக்கு ஐந்து. ஆண்டுக்கு ஆண்டு குளிர் மாறும். சாட்சிகளின் கணக்கும் மாறும். ஆறு உறைந்தது என்பதிலும், மக்கள் அதன்மேல் வாழ்க்கை நடத்தினர் என்பதிலும் மூவரும் ஒன்றுபடுகின்றனர். இப்பயணியே பின்னர் மஅபர் சுல்தானின் விருந்தினராக நம் மதுரைக்கு வந்து, நம் வெப்பத்தையும் நோயையும் கண்டு சென்றவர்.

மறுத்தவரே காத்தார்

யாகூத் ஜுர்ஜானிய்யாவைக் கண்ட இரண்டாண்டுக்குள், 1221-இல், மங்கோலியர் அந்நகரை அழித்தனர். அதனினும் பெரிய, செல்வம் மிக்க நகரைத் தாம் கண்டதில்லை என்று எழுதிய யாகூத், அது அழிந்த செய்தியையும் சேர்த்தே எழுத நேர்ந்தது. அவரும் படையெடுப்புக்கு முன்னே ஓடி, கைப்பொருள் யாவும் இழந்து மோசூல் வந்து சேர்ந்தார். ஆனால் தம் பணியை அவர் இழக்கவில்லை. 1224-இல் ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் ஊர் அகராதியின் முதல் வடிவத்தை முடித்தார். 1229-இல் அலெப்போவில் மறைந்தார்.

இப்னு ஃபள்லானின் நூலுக்குத் தாம் பல படிகளைக் கண்டதாக யாகூத் குறிப்பிட்டிருக்கிறார். காலப்போக்கில் அப்படிகள் கண்ணில் படாமல் போயின. பல நூற்றாண்டுகள் அறிஞர் உலகம் இப்னு ஃபள்லானைப் பெரும்பாலும் யாகூத் எடுத்துக்காட்டிய பகுதிகளைக் கொண்டே அறிந்திருந்தது. 1923-இல் ஈரானின் மஷ்ஹது நகர நூலகத்தில், ஸகி வலீதி தோகான் என்ற அறிஞர் அந்நூலின் கையெழுத்துப் படி ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் பின்னரே அது தனி நூலாக உலகுக்குக் கிடைத்தது. இப்னு ஃபள்லானைப் பொய் சொன்னார் என்று கடிந்தவரே ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் அவர் குரலைக் காத்துக் கொடுத்திருக்கிறார். மறுக்க வேண்டியதை மறைக்காமல் முழுதும் எடுத்து எழுதி, அதன்கீழ் தம் மறுப்பை வைத்த நேர்மையின் பயன் இது. பிடிக்காத பகுதியை யாகூத் வெட்டியிருந்தால் இரவலர் குளிர் காய்ந்த அந்த அடுப்பும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

குவாரஸ்ம் ஷாக்களின் கருவூலத்தில் என்ன இருந்தது, எங்கே போயிற்று என்று கேட்பார் இன்று இல்லை. ஓர் ஏழைக்குத் தம் நெருப்பருகே இடம் விட்டவர்களின் வழக்கம் மட்டும், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவர் பதினேழு சாண் என்று மிகையாய்ச் சொன்னவர். மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் மைக்கூட்டை நெருப்பில் காட்டி எழுதியவர். நம் ஊர்களிலும் முதியோர் சொல்லில் இத்தகைய செய்திகள் எத்தனையோ உள. கணக்கில் பிழை இருக்கிறதென்று அவற்றை ஒதுக்காமல், கேட்டு, சோதித்து, சொன்னவர் பெயரோடு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமை. நமக்கு மையை உருக்க வேண்டிய சிரமம்கூட இல்லை.